சிசி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்

பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகி முதல் வண்டி வாங்கும் பேச்சு எழுந்தால், எந்த வீட்டிலும் அது ஓர் எண்ணில் வந்து முட்டிக்கொள்ளும். “150 சிசியா? வேண்டவே வேண்டாம், வேகமாகப் போகும்” என்பார் அம்மா. “350 வாங்கிக் கொடுத்தாலும் மெதுவாகத்தான் ஓட்டுவேன்” என்று பையன் வாக்குக் கொடுப்பான். “பெண் பிள்ளைக்கு 110 போதும்” என்று மாமா தீர்ப்பு எழுதிவிடுவார். வேகம், ஆபத்து, பெட்ரோல் செலவு, கௌரவம் எல்லாவற்றையும் மூவரும் அந்த ஓர் எண்ணாலேயே அளக்கிறார்கள்.

ஆனால் 349 சிசி கொண்ட ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 தருவது சுமார் 20 குதிரைத்திறன். 199.5 சிசி கொண்ட கேடிஎம் டியூக் 200 தருவது சுமார் 25. பாதியை விடச் சற்றே பெரிய என்ஜின் கூடுதல் திறனைத் தருகிறது. 155 சிசி கொண்ட யமஹா ஆர்15 கூட 18-ஐத் தாண்டிவிடுகிறது. சிசி கூடினால் வேகமும் கூடும் என்பது உண்மையானால் இதெல்லாம் நடக்கக் கூடாது. ஆகவே அந்த எண் எதைச் சொல்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

சிசி அளப்பது இடத்தை

என்ஜினுக்குள் சிலிண்டர் என்ற உலோகக் குழாய் இருக்கிறது. அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அது மேலிருந்து கீழே வரும்போது உருவாகும் இடத்தின் கொள்ளளவுதான் சிசி, அதாவது கன சென்டிமீட்டர். அந்த இடத்திற்குள்தான் காற்றும் பெட்ரோலும் நுழைந்து எரிகின்றன.

ஹீரோ ஸ்பிளெண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 49.5 மில்லிமீட்டர். பள்ளிக்கூடத்தில் படித்த உருளைக் கணக்கைப் போட்டால் 97.2 கன சென்டிமீட்டர் வரும். விளம்பரத்தில் இருக்கும் எண்ணும் அதுதான். ஒரு தேநீர்க் குவளை அளவுகூட இல்லாத அந்த இடம்தான் இரண்டு பேரையும் ஒரு அரிசி மூட்டையையும் சுமந்துகொண்டு போகிறது.

சிசி சொல்வது இவ்வளவுதான். எரிபொருள் எரியும் இடம் எவ்வளவு பெரியது என்பது அதில் இருக்கிறது. எத்தனை முறை எரிகிறது, வண்டி எவ்வளவு கனமானது, ஓட்டுபவரின் கால் தரையில் எட்டுமா என்பவை அதில் இல்லை.

வாளியும் கையும்

கிணற்றில் தண்ணீர் இறைக்கும் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் பெரிய வாளி; நிதானமாக இழுக்கிறார். இன்னொருவரிடம் சிறிய வாளி; சரசரவென்று இழுக்கிறார். ஒரு மணி நேரத்தில் யார் தொட்டியை அதிகம் நிரப்புவார்? வாளியை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஒரு இழுப்பில் எவ்வளவு வருகிறது, நிமிடத்திற்கு எத்தனை இழுப்பு, இரண்டையும் பெருக்க வேண்டும்.

என்ஜினிலும் இதே பெருக்கல்தான். வாளியின் அளவு சிசி. ஒரு இழுப்பின் பலத்தை முறுக்குவிசை என்கிறோம். கடைக்காரர் அதை டார்க் என்பார், நியூட்டன் மீட்டர் என்ற அலகில் சொல்வார். நிமிடத்திற்கு எத்தனை சுற்று என்பது ஆர்.பி.எம். முறுக்குவிசையையும் சுற்றுகளையும் பெருக்கி வருவது குதிரைத்திறன். தொட்டியில் சேர்ந்த தண்ணீர் அதுதான்.

இப்போது அந்த இரண்டு வண்டிகளைத் திரும்பப் பாருங்கள். கிளாசிக் 350, டியூக் 200 இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றே: 72 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரம்தான் வேறு. கிளாசிக்கில் 85.8 மில்லிமீட்டர், டியூக்கில் 49. நீளமாக ஓடும் பிஸ்டன் ஒவ்வொரு முறையும் அதிகக் காற்றை இழுக்கிறது, கனமாகத் தள்ளுகிறது. அதனால் கிளாசிக்கின் முறுக்குவிசை 27 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000 சுற்றுகளிலேயே கிடைத்துவிடுகிறது. டியூக்கில் ஏறக்குறைய 19 தான். அதற்கும் 8,000 சுற்றுகள் வரை முறுக்க வேண்டும். ஆனால் குட்டையான பாதையில் ஓடுகிற பிஸ்டன் மளமளவென்று திரும்பி வந்துவிடும். ஆகவே டியூக் 10,000 சுற்றுகளில் தன் முழுத் திறனைக் காட்டுகிறது. கிளாசிக் 6,100-இலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது.

சிறிய கணக்கு ஒன்றையும் போட்டுப் பார்க்கலாம். இரண்டும் தத்தம் உச்சத்தில் ஓடும்போது பிஸ்டன் விநாடிக்கு எத்தனை மீட்டர் பயணிக்கிறது? கிளாசிக்கில் சராசரியாகச் சுமார் 17 மீட்டர், டியூக்கில் சுமார் 16. அதாவது இரண்டு என்ஜின்களும் கிட்டத்தட்ட ஒரே பாடுதான் படுகின்றன. ஒன்று நீண்ட எட்டு வைக்கிறது, மற்றது குறுகிய எட்டுகளை அதிகம் வைக்கிறது. “350 என்றால் அசுரன், 200 என்றால் குழந்தை” என்ற பேச்சு இந்த இடத்தில் செல்லாது.

இதுவரை பார்த்ததைத் தொகுத்துக்கொள்வோம். சிசி என்பது எரியும் இடம். முறுக்குவிசை என்பது ஒரு தள்ளலின் பலம். இதைச் சுற்றுகளால் பெருக்கினால் குதிரைத்திறன். புதிதாகப் பழகுபவர் பார்க்க வேண்டியது குதிரைத்திறன் எவ்வளவு என்பதோடு, அது எந்தச் சுற்றில் வந்து சேருகிறது என்பதையும்.

கடைசியாகச் சொன்னது ஏன் முக்கியம்? உயர்ந்த சுற்றுகளில் திறனை வைத்திருக்கும் வண்டி, தெருவுக்குள் சாதுவாகத்தான் போகும். “இவ்வளவுதானா?” என்று தோன்றும். பிறகு ஒரு நாள் காலியான சாலையில் ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்கினால், சுற்றுகள் ஏற ஏற அதன் குணம் மாறும். பழகிய கைக்கு அது இன்பம். பழகாத கை பயந்து பிடியை இறுக்கும். இறுக்கும்போது மணிக்கட்டு தன்னையறியாமல் இன்னும் முறுக்கிவிடும். ஸ்பிளெண்டர் போன்ற வண்டி 8,000 சுற்றுகளில் 8 குதிரைத்திறன் தருகிறது. எவ்வளவு பதற்றமாக முறுக்கினாலும் அது உங்களைத் தூக்கி எறியாது.

ஒரு குதிரைக்கு எத்தனை கிலோ

குதிரைத்திறன் தெரிந்துவிட்டது. அது இழுக்க வேண்டிய எடையையும் சேர்த்தால்தான் சித்திரம் முழுமையாகும். பெட்ரோல், ஆயில் எல்லாம் நிரப்பிய வண்டியின் எடையைக் கெர்ப் எடை என்பார்கள். அதோடு ஓட்டுபவரின் எடையாக 60 கிலோவைக் கூட்டி, குதிரைத்திறனால் வகுத்துப் பாருங்கள். மாடலுக்கு மாடல், வருடத்திற்கு வருடம் எடை ஒன்றிரண்டு கிலோ மாறும். கணக்கின் போக்கு மாறாது.

டியூக் 200-இல் ஒரு குதிரை சுமார் 9 கிலோவை இழுத்தால் போதும். ஆர்15-இல் 11. கிளாசிக் 350-இல் 13 கிலோவை நெருங்குகிறது. ஸ்பிளெண்டரில் 21 அல்லது 22. ஹோண்டா ஆக்டிவாவில், சுமார் 106 கிலோ எடையும் 8-க்குச் சற்றுக் குறைந்த குதிரைத்திறனும் என்று எடுத்தால், அதே 21. டிவிஎஸ் எக்ஸ்எல்100-இல் 30 கிலோவைத் தாண்டிவிடும்.

எண் சிறியதாக ஆக, வண்டி துள்ளும். ஸ்கூட்டரும் ஸ்பிளெண்டரும் ஒரே எண்ணில் நிற்பதைக் கவனியுங்கள். “பைக் வேகமானது, ஸ்கூட்டர் பாதுகாப்பானது” என்று பெற்றோர் பிரித்துவைப்பதற்கு இந்தக் கணக்கில் ஆதாரம் இல்லை. பழகும் காலத்தில் இந்த எண் 18-க்கு மேல் உள்ள வண்டியை வாங்கச் சொல்வேன். இது என் கோடு, எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

கியர் இல்லாத வண்டி எப்படி ஓடுகிறது

ஸ்கூட்டர் எளிது, பைக் கடினம் என்பது பாதி உண்மை.

பைக்கில் என்ஜினையும் சக்கரத்தையும் இணைப்பதும் பிரிப்பதும் உங்கள் இடது கையில் இருக்கும் கிளட்ச். முதல் கியர் போட்டு, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, வண்டி நகரத் தொடங்கும் அந்தப் புள்ளியைப் பிடிப்பதுதான் முதல் வாரத்தின் முழுப் பாடம். பட்டென்று விட்டால் வண்டி குதித்து அணைந்துவிடும். எரிச்சலாக இருக்கும், ஆனால் அது ஒரு காவலும்கூட: கையில் கிளட்சை இழுத்துப் பிடித்துவிட்டால் என்ஜின் எவ்வளவு கத்தினாலும் வண்டி மேற்கொண்டு பாயாது.

ஸ்கூட்டரில் அந்த வேலையை இயந்திரமே செய்துகொள்கிறது. என்ஜின் சுழலும் வேகத்தில் உள்ளிருக்கும் கிளட்ச் கட்டைகள் வெளிநோக்கி விரிந்து, சுற்றியுள்ள டிரம்மைப் பற்றிக்கொள்கின்றன. பிறகு ஒரு பெல்ட், இரண்டு கப்பிகளின் நடுவே தன் இடத்தை மாற்றிக்கொண்டே போய், கியர் மாற்றும் பணியைச் சத்தமில்லாமல் முடித்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டிற்குச் சி.வி.டி. என்று பெயர். முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும் என்று தோன்றுவது இதனால்தான்.

புதியவர்கள் ஸ்கூட்டரில் தடுமாறும் இடமும் இதுவே. வாசலில் நிறுத்திய ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்துவிட்டு, பக்கத்தில் நின்றபடி வலது கையால் பிடியைப் பற்றிப் பின்னால் இழுப்பார்கள். இழுக்கும் அசைவில் மணிக்கட்டு கீழே மடங்கும், ஆக்ஸிலரேட்டர் திறந்துகொள்ளும், கட்டைகள் விரியும், வண்டி முன்னால் பாயும். அதைப் பிடித்து நிறுத்தப் பிடியை இன்னும் இறுக்குவார்கள். முறுக்கும் இன்னும் ஏறும். சுவரோ பூந்தொட்டியோ எதிர்வீட்டுக் கேட்டோதான் கதையை முடித்துவைக்கும். தள்ளும்போது சாவி அணைந்திருக்க வேண்டும், ஏறி அமர்ந்த பிறகுதான் ஸ்டார்ட். முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டியது இது. பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

இன்னொரு வேறுபாடு மலைப்பாதையில் தெரியும். இறக்கத்தில் பைக்கை இரண்டாம் கியரில் போட்டால் என்ஜினே வேகத்தைப் பிடித்து வைக்கும். ஸ்கூட்டரில் வேகம் குறைந்ததும் கட்டைகள் விலகிக்கொள்வதால் அந்தப் பிடிமானம் மிகக் குறைவு. முழுப் பாரமும் பிரேக்கின் மீது விழும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை அழுத்தியபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கத் தொடங்கும். நடுவில் நிறுத்தி ஆறவிட வேண்டும்.

சக்கரத்தையும் பாருங்கள். ஆக்டிவாவின் பின்சக்கரம் 10 அங்குலம், ஸ்பிளெண்டரின் சக்கரங்கள் 18 அங்குலம். சிறிய சக்கரம் பள்ளத்திற்குள் இறங்கிவிடும். பெரியது பெரும்பாலும் மேலே உருண்டு கடந்துவிடும். மழைக்காலத்தில் எங்கே குழி என்று தெரியாத சாலையில் தினமும் போக வேண்டியவருக்கு, மைலேஜைவிட இது முக்கியம்.

சுருக்கமாக, ஸ்கூட்டர் கைக்கு எளிது, குழிச் சாலையில் சற்றுத் தடுமாறும். பைக் கைக்குக் கடினம், சாலைக்கு உறுதியானது. நகரத்திற்குள் கல்லூரிக்குப் போய்வர ஸ்கூட்டர் தாராளம். கிராமச் சாலைக்கும் நெடுந்தூரத்திற்கும் 100 முதல் 125 சிசி வரையிலான எளிய கியர் வண்டி மேல்.

முன் பிரேக் மீதான பயம்

“முன் பிரேக்கைப் பிடிக்காதே, குப்புற விழுவாய்” என்று சைக்கிள் காலத்திலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறோம். இதனால் பலர் வாழ்நாள் முழுவதும் பின் பிரேக்கை மட்டுமே நம்பி ஓட்டுகிறார்கள்.

பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. பஸ் திடீரென நிற்கும்போது நின்றிருப்பவர்கள் எல்லாரும் டிரைவர் பக்கம் தள்ளாடுவார்களே, அதே விசைதான். முன்சக்கரம் சாலையில் அழுந்திப் பிடிமானம் கூடுகிறது. பின்சக்கரம் லேசாகிப் பிடிமானம் குறைகிறது. ஆகவே வண்டியை நிறுத்தும் பெரும் பங்கு முன் பிரேக்கிற்கு உரியது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் லேசான பின்சக்கரம் சுழல்வதை நிறுத்தி வழுக்கும், நிற்க எடுக்கும் தூரமும் வெகுவாக நீளும். முன் பிரேக் கவிழ்ப்பது அதை வெடுக்கென்று பிடிக்கும்போதோ, வளைவில் சாய்ந்திருக்கும்போதோ, மணலில் ஓடும்போதோதான். நேராகப் போகையில் இரண்டையும் சேர்த்து, படிப்படியாக இறுக்கிப் பழக வேண்டும்.

இந்தப் பயத்திற்கு இந்தியச் சட்டம் ஒரு மாற்று ஏற்பாடு செய்திருக்கிறது. 2019 ஏப்ரல் முதல், 125 சிசி வரையிலான புதிய வண்டிகளில் குறைந்தபட்சம் சி.பி.எஸ். இருக்க வேண்டும். ஸ்கூட்டரின் இடக்கைப் பிரேக்கைப் பிடித்தாலே முன்சக்கரத்திற்கும் ஒரு பங்கு போய்ச் சேரும் முறை அது. 125 சிசிக்கு மேற்பட்டவற்றில் ஏ.பி.எஸ். கட்டாயம். சக்கரம் சுழல்வதை நிறுத்தப் போகிறது என்று உணர்ந்ததும் பிரேக்கை நொடிக்குப் பலமுறை விட்டுப் பிடிக்கும் கருவி இது. ஒற்றைச் சேனல் என்று எழுதியிருந்தால் அது முன்சக்கரத்தை மட்டும் காக்கிறது என்று பொருள். 2019-க்கு முந்தைய பழைய வண்டியை வாங்குபவர் இவை இரண்டும் இல்லாமல் இருக்கலாம் என்று தெரிந்தே வாங்க வேண்டும்.

கூடவே ஒரு கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி விநாடிக்கு 11 மீட்டர் கடக்கிறது. குறுக்கே நாய் ஓடுவதைக் கண்டு கை பிரேக்கைத் தொடுவதற்குள் ஒரு விநாடி போய்விட்டால், பிரேக் வேலையைத் தொடங்கும் முன்பே 11 மீட்டர் கரைந்திருக்கும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்காகும்.

கடையில் செய்ய வேண்டியது

விளம்பரத் தாளை மூடிவிட்டு வண்டியில் ஏறி உட்காருங்கள். இரண்டு பாதங்களும் தரையில் படுகின்றனவா? இருக்கை உயரம் ஆக்டிவாவில் 765 மில்லிமீட்டர் அளவில், ஸ்பிளெண்டரில் 785, கிளாசிக்கில் 805, டியூக்கில் அதற்கும் மேல். விரல்நுனி மட்டும் எட்டினால், சிக்னலில் சரிவான இடத்தில் நிற்கும்போது வண்டி உங்களைக் கேட்காமல் சாயும். சாயத் தொடங்கிய 195 கிலோ கிளாசிக்கை ஒற்றைக் காலால் தாங்க முடியாது.

அடுத்து இறங்குங்கள். சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்திப் பாருங்கள். பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிப் பாருங்கள். ஓட்டும்போது தெரியாத எடை எல்லாம் இப்போது தெரியும். பிரேக் லீவர் விரலுக்கு எட்டுகிறதா என்பதையும் சிறிய கை உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒதுக்கும் நேரத்தில் பாதியாவது இதற்குக் கொடுக்கலாம்.

முதல் வருடத்தில் வண்டி ஒருமுறையாவது கீழே சாயும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் நல்ல நிலையிலுள்ள பழைய 100 சிசி வண்டியை முதல் வண்டியாக நான் விரும்புகிறேன். உடைந்த லீவரும் இண்டிகேட்டரும் எந்த ஊர் மெக்கானிக்கிடமும் கிடைக்கும். உடல் முழுக்க பிளாஸ்டிக் போர்த்திய விளையாட்டு வண்டி சாய்ந்தால் பில்லைப் பார்த்து அப்பாவும் சாய்வார்.

மின்சார ஸ்கூட்டரில் சிசியே கிடையாது, கிலோவாட்தான். ஒரு கிலோவாட் ஏறக்குறைய 1.36 குதிரைத்திறன். 6.4 கிலோவாட் உச்சத் திறன் கொண்ட ஏதர் 450எக்ஸ், எண்ணளவில் ஒரு 125 சிசி ஸ்கூட்டருக்குச் சமம். ஆனால் மின்மோட்டாருக்குச் சுற்று ஏறக் காத்திருக்கும் வழக்கம் இல்லை. நின்ற இடத்திலேயே முழு இழுவையையும் கொடுத்துவிடும். பழகும்வரை ‘Eco’ எனப்படும் சிக்கன முறையிலேயே வைத்திருப்பது நல்லது.

பதினாறு வயதும் 50 சிசியும்

மோட்டார் வாகனச் சட்டம் 16 வயதில் அனுமதிப்பது 50 சிசிக்கு மேற்படாத கியரில்லா வண்டியை மட்டுமே. மற்ற எதற்கும் 18 ஆக வேண்டும். ஊரில் இன்னும் ‘டிவிஎஸ் 50’ என்றே அழைக்கப்படும் எக்ஸ்எல்100-இன் என்ஜின் 99.7 சிசி. பழைய பெயரை நம்பிப் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் சாவியைக் கொடுப்பது சட்டத்தின் கண்ணில் சிறுவரை வண்டி ஓட்டவிட்ட குற்றம். 2019 திருத்தத்திற்குப் பிறகு அதற்குப் பாதுகாவலருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு; வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும்; அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட மெதுவான மின்சார வண்டிகள் மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள் வராததால் அவற்றிற்கு உரிமம் வேண்டாம். அந்த வேகத்தடையை நீக்கிவிட்டால் விலக்கும் நீங்கிவிடும்.

18 ஆனவர்கள் முதலில் எடுப்பது எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமம். அது 6 மாதம் செல்லும். 30 நாள் கழிந்த பிறகு ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். தேர்வு என்றால் ஆர்.டி.ஓ. அலுவலக மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டு போடுவது. ஸ்கூட்டரில் எட்டு போட்டால் கியரில்லா வண்டிக்கான உரிமம் மட்டுமே கிடைக்கும், பின்னாளில் பைக் ஓட்ட மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். கியர் வண்டியில் போட்டால் இரண்டையும் ஓட்டலாம். ஸ்கூட்டரே வாங்கப் போகிறவர்களும் ஒரு மாதம் யாருடைய பழைய ஸ்பிளெண்டரிலாவது கியர் பழகி, எல்.எல்.ஆர். விண்ணப்பத்திலேயே கியர் வண்டி என்று குறித்துவிடுவது லாபம்.